குதிரை லாயத்துக்கு ஒரு முதலாளி

எங்கள் சலவைக்கூடத்துக்கு முதலாளி கிடையாது என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "அப்புறம் உங்களை யாருப்பா திட்டுவாங்க?" என்பதுதான். திட்டுவதற்கு எங்களிடம் சோப்பு அக்கா இருந்தாள். கொதிக்கும் அண்டாக்களுக்கு நடுவே நின்று, படகுத் துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் துணி கிளறுவது அவள் வேலை. அவள் ஒரு சத்தம் போட்டால் மூன்று தெரு தள்ளிக் கொடியில் தொங்கும் சட்டைகூடப் பயந்துபோய்த் தானாக மடிந்துகொள்ளும். நான் இஸ்திரி. பிழியும் எந்திரத்தைச் சுற்றுகிறவனுக்குப் பிழிசல் என்று பேர். துணியில் தண்ணீரை விட்டாலும் விடுவான், ஒரு பேச்சை எடுத்தால் கடைசிச் சொட்டு வரை விடமாட்டான். இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். வருவதைச் சமமாகப் பிரித்துக்கொள்வோம். எதைச் செய்வதானாலும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருத்தர் 'இல்லை' என்றால் அது நடக்காது. வெள்ளைத் துணிக்கு நீலம் எந்தக் கடையில் வாங்குவது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம். அதற்குள் ஊரில் பாதிப் பேர் மஞ்சள் வேட்டி கட்டப் பழகிவிட்டார்கள்.

தலைமுறை தலைமுறையாக எங்களை ஆண்ட கப்பல்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய், நாடு எங்கள் கைக்கு வந்த கொஞ்ச நாளில், ஒரு அதிகாரி வந்து வாசலில் நின்றார். செருப்பு நனையாமல் உள்ளே வர வழி இருக்கிறதா என்று பார்த்தார். சலவைக்கூடத்தில் அப்படி ஒரு வழி ஏது?

"இந்தக் கட்டடம் யாரு பேருல இருக்கு?"

"யாரு பேருலயும் இல்லைங்க" என்றேன்.

"யாரு பேருலயும் இல்லாத கட்டடம் அரசாங்கத்துக்குச் சொந்தம். புதுச் சட்டம். சொந்தக்காரர்னு ஒருத்தர் இந்த மாசக் கடைசிக்குள்ள ஆபீசுக்கு வந்து பதிஞ்சாகணும். இல்லைன்னா பூட்டி சீல் வச்சிருவோம்."

"எல்லாரும் சேந்து வந்து எல்லாரு பேரையும் பதியறோமே" என்றான் பிழிசல்.

"அதுக்குச் சட்டம் இன்னும் எழுதல. எழுதிக்கிட்டிருக்காங்க."

"எழுதி முடிக்கிற வரைக்கும் துணியை ஊறவச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று அண்டா பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

அதிகாரி கையிலிருந்த பைலைப் பிரித்தார். "பழைய பதிவு ஒண்ணு இருக்கு. அதுல பேர் இருக்கிறவர்தான் வந்து பதிய முடியும்" என்று சொல்லி ஒரு பேரைப் படித்தார். பட்டமும் பரம்பரையும் சேர்ந்து அது ரயில் வண்டி நீளம் இருந்தது. அவர் படித்து முடிப்பதற்குள் நான் இரண்டு தலையணை உறைக்கு இஸ்திரி போட்டிருப்பேன். படித்து முடித்ததும் நாங்கள் எல்லாரும் பின்பக்கம் திரும்பினோம். அங்கே அலசுகிற தொட்டிக்குள், முழங்கால் வரை தண்ணீரில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஒரு கிழவர் நின்றிருந்தார்.

"அது நான்தான்" என்றார், பிடிபட்ட திருடன் மாதிரி.

அவரைத்தான் நாங்கள் மாளிகை என்று கூப்பிடுவோம்.

உண்மையிலேயே மாளிகையில் பிறந்தவர் அவர். சன்னல்களை மூட மட்டும் காலையில் ஆரம்பித்தால் மறுநாள் காலை ஆகும், அதற்குள் திறக்கிற நேரம் வந்துவிடும், அவ்வளவு பெரிய வீடு. சின்ன வயசில் அவர் மூக்குச் சிந்த வேண்டுமென்றால் கைக்குட்டை நீட்ட ஒரு ஆள், சிந்தியதை வாங்கிக்கொண்டு போக ஒரு ஆள். மூக்கு மட்டும்தான் அவருடையது. அப்பா பிரபு. கப்பல்காரர்கள் வேட்டையாட வந்தால் காட்டைப் பெருக்கிக் கொடுத்துப் பட்டம் வாங்கியவர். பையன் பெரியவனானதும் சட்டம் படிக்கக் கடல் தாண்டி அனுப்பினார். படித்து முடித்துத் திரும்பிய பையன், சட்டமே கூடாது, ஒருத்தரை ஒருத்தர் ஆளவே கூடாது என்று சொல்லிக்கொண்டு கூடத்தில் நின்றான். சமையல் கற்றுக்கொள்ளப் போனவன் பசிப்பதே தப்பு என்று சொல்லித் திரும்பினால் பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்?

"கொஞ்ச நாள்ல சரியாயிடும். காய்ச்சல் மாதிரி" என்றாராம் அப்பா.

சரியாகவில்லை. கப்பல்காரர்களின் பெரிய அதிகாரி விருந்துக்கு வந்த அன்று எல்லாரும் எழுந்து நிற்க, இவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அடுத்த நாள் வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். இதை வைத்து நான் அவரைக் கேலி செய்வதுண்டு. "மாளிகையண்ணே, நாங்கெல்லாம் நின்னு நின்னு கால் ஒடிஞ்சு புரட்சிக்கு வந்தோம். நீங்க உக்காந்தே வந்துட்டீங்க." அவர் சிரிக்கமாட்டார். "இருபது வயசுல உக்கார்றது ஈசியா இருந்துச்சுப்பா" என்பார்.

விடுதலைக்காரர்கள் அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? அவரும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: "முதல்ல கப்பல்காரனை அனுப்புவோம். அப்புறம் உங்களையும் அனுப்பணும். யாரும் மேல உக்காரக் கூடாது." அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைக்காரர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜெயிலில்தான் நான் அவரை முதலில் பார்த்தது. அவர் நாட்டுக்காக உள்ளே வந்தவர். நான் தெருவைக் கடந்ததற்காக உள்ளே வந்தவன். வெளுத்த சட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்கே போனேன், நடுவில் ஊர்வலம் வந்தது, அதன் பின்னால் போலீஸ் வந்தது, எல்லாரையும் வாரிய வண்டியில் என்னையும் சட்டைகளையும் சேர்த்து வாரிவிட்டார்கள். சட்டைகளை மட்டும் மறுநாள் விட்டுவிட்டார்கள்.

உள்ளே அவருக்கு மட்டும் கட்டில், மெத்தை, தனிச் சாப்பாடு. பிரபு மகன் இல்லையா? அவர் தொடமாட்டேன் என்று மூன்று நாள் பட்டினி கிடந்தார். நாங்கள் எல்லாரும் பெருமைப்பட்டிருப்போம் என்று நினைத்தார் போலிருக்கிறது. பக்கத்து அறையில் இருந்த பூட்டு உடைக்கிற திருடன் ஒருத்தன் கம்பி வழியாகக் கத்தினான்: "யோவ், உனக்கு வேணாம்னா வாங்கி இந்தப் பக்கம் தள்ளுய்யா! உன் கொள்கையை நாங்க மென்னு திங்கவா?" அதுவரை அவருக்கு அப்படி ஒரு யோசனை வரவேயில்லை. அன்றிலிருந்து வாங்கிப் பங்கு போட்டார். மெத்தையைக்கூட முறைவைத்துப் படுத்தோம்.

கட்டிலைவிட அவருக்குப் பெரிய அவமானம், அவருக்கு வேலை கொடுக்க மறுத்தது. கெஞ்சிக் கூத்தாடி ஜெயில் சலவைப் பிரிவில் சேர்ந்தார். அங்கே நான்தான் மேஸ்திரி மாதிரி. கடவுளே, அப்படி ஒரு வேலைக்காரனை நான் பார்த்ததில்லை. ஜெயிலர் சட்டையில் நீலம் கொட்டி, அந்த மனுஷன் ஒரு வாரம் வானம் மாதிரி நடமாடினார். ஆனால் விடவில்லை. கை தோல் உரிந்து, உரிந்த இடம் காய்த்து, கடைசியில் ஒரு வேட்டியை ஒழுங்காகப் பிழியக் கற்றுக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தலைநகரத்தையே பிடித்துவிட்டவர் மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் அவரிடம் மிச்சம் இருந்தது, அம்மா வழியில் வந்த இந்தக் குதிரை லாயம் ஒன்றுதான். அப்பாவால் அதைப் பிடுங்க முடியவில்லை. குதிரைகள் எப்போதோ விற்றுப்போயிருந்தன, வாசனை மட்டும் குடியிருந்தது. அங்கே அண்டா வைத்துக் கூடத்தை ஆரம்பித்தோம். முதல் நாள் எங்களை எல்லாம் நிற்கவைத்து அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இது இனிமே என்னோடது இல்ல. உங்களோடதும் இல்ல. யாரோடதும் இல்ல."

"எழுதிக் குடுத்துருய்யா" என்றாள் அக்கா. அவளுக்கு அப்போதே கண் முன்னால் எல்லாம் தெரிந்திருக்கிறது.

"எழுதினா எங்க போய்ப் பதியணும்? கப்பல்காரன் ஆபீசுல. அவன் முத்திரை இல்லாம நான் ஒண்ணு குடுத்தா, அது குடுத்தது ஆகாதா? நாளைக்கு நம்ம அரசாங்கம் வந்தாலும் அதேதான். என் வார்த்தை போதும்."

வார்த்தை போதும் என்று கட்டடத்தைக் கொடுத்த மனிதரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? வார்த்தை போதும் என்று வாங்கிக்கொண்ட பதினைந்து பேரை? நாங்கள் வாங்கிக்கொண்டோம். எங்களுக்கும் அது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் போராட்டம் சூடு பிடித்தது. போலீஸ்காரர்கள் உடுப்பெல்லாம் எங்களிடம்தான் வெளுக்க வரும். நாளைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்தினால், நாளைக்கு எங்கேயோ அடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். மாளிகை போய்ச் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுவார். ஒரு பெரிய ஊர்வலத்தன்று மொத்த உடுப்பையும் ஈரத்தோடு அனுப்பினாள் அக்கா. நான் சொல்வதை நம்புங்கள், அன்றைக்கு மொத்தப் படையும் வரிசையாக நின்று தும்மியது. தடியைத் தூக்கினால் தும்மல், இறக்கினால் தும்மல். அதற்காக மாளிகையை மறுபடி பிடித்துக்கொண்டு போனார்கள். அப்படிப் போய்வந்து போய்வந்து அவர் தலை நரைத்தது, முதுகு வளைந்தது. அப்பா செத்ததை ஜெயிலில் கேட்டார். மாளிகையில் தங்கச்சி மட்டும் இருந்தாள்.

விடுதலை வந்த அன்றைக்கு ஏற்றப்போகிற கொடி எங்களிடம்தான் இஸ்திரிக்கு வந்தது. நான் போட்டேன். அவரும் விழாவுக்கு வரவேண்டும் என்று காரே அனுப்பினார்கள். அவர் தொட்டியை விட்டு வெளியே வரவில்லை. "கால் வலிக்குதுப்பா" என்றார். கொள்கை என்று சொல்வார் என நினைத்தேன். கால்தான் என்றார்.

ஆக, அதிகாரி படித்த அந்த ரயில் நீளப் பேர் இன்னும் அழியாமல் இருந்ததற்குக் காரணம் அவருடைய அந்த ஒற்றை வார்த்தைதான். அதிகாரி இன்னொன்றும் சொன்னார்: பதிந்த சொத்தை ஏழு வருஷத்துக்கு யாருக்கும் கைமாற்றவோ உயில் எழுதிவைக்கவோ கூடாது, தரகர்கள் விளையாடாமல் இருக்க அப்படி ஒரு விதி. சொல்லிவிட்டு, நனைந்த செருப்பை உதறிக்கொண்டு போனார்.

அன்றைக்கு மாளிகை சாப்பிடவில்லை. "வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு காரியம்தான்பா ஒழுங்கா செஞ்சேன். சொத்துக்காரன்ங்கிற பேரைக் கழட்டிப் போட்டேன். அதை மறுபடி என் கழுத்துல மாட்டப் பாக்கறாங்க. நான் மாட்டேன்."

"மாட்டலைன்னா கூடம் போயிடுமே, அண்ணே."

"தெரியும்" என்றார்.

மந்திரியைப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த மந்திரி, ஜெயிலில் எங்கள் மெத்தையில் முறைவைத்துப் படுத்தவர். குறட்டை விட்டால் சுவரிலிருந்து காரை உதிரும். அவருடைய ஆபீஸ் நடையில் ஒரு பெஞ்சியில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். மாளிகை தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது அவரைப் பார்த்தால் பிரபுவும் தெரியாது, போராளியும் தெரியாது, யாரோ பென்ஷன் கேட்டு வந்த தாத்தா மாதிரி இருந்தது.

உள்ளே கூப்பிட்டதும் மந்திரி எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "மாளிகை! எவ்வளவு எளைச்சுட்டே! உக்காரு, உக்காரு. இஸ்திரி, நீயும் உக்காருப்பா. என்ன குடிக்கிறீங்க?"

மாளிகை விஷயத்தைச் சொன்னார். மந்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் என்ன பண்ண முடியும், சொல்லு? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. அதைத்தானே நாம ஜெயில்ல தொண்டை கிழியக் கத்துனோம்?"

"நீ கத்துனே. நான் சட்டமே வேணாம்னு கத்துனேன்."

"ரெண்டும் ஒரே நேரத்துல கத்துனதால எனக்குச் சரியாக் கேக்கல" என்று மந்திரி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மாளிகைக்கு வரவில்லை.

"சரி, உனக்காக ஒண்ணு பண்றேன். பிரபு குடும்பம், நாட்டுக்காகத் தியாகம்னு எழுதி, உன் ஒருத்தனுக்கு மட்டும் விதிவிலக்கு வாங்கித் தர்றேன். சொல்லு."

மாளிகை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஜெயில்ல எனக்கு மட்டும் கட்டில் போட்டானே, ஞாபகம் இருக்கா?"

"அதுல நானும்தானே படுத்தேன்?"

"அதனாலதான் கேக்கறேன். எங்க தெருவுல தச்சுப்பட்டறை ஒண்ணு இதே மாதிரி மாட்டியிருக்கு. அவங்களுக்கும் விதிவிலக்கு தருவியா?"

"அவங்க யாரு?"

மாளிகை எழுந்துவிட்டார். மந்திரி வாசல் வரை வந்தார். அவரும் பாவம், கண் சிவந்து தூங்காத முகம். "நீ குடுத்து வச்சவன். துணி மட்டும்தான் துவைக்கிறே" என்றார். அதைக் கேலியாகச் சொன்னாரா நிஜமாகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் கூட்டம். எங்கள் கூட்டம் துணி உலர்த்துகிற முற்றத்தில்தான் நடக்கும், வேலையை நிறுத்த முடியாதே. ஆளுக்கொரு கொடியில் விரிப்புகளைப் போட்டுக்கொண்டே பேசுவோம். யார் முகமும் யாருக்கும் தெரியாது. வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். புதுசாகப் பார்க்கிறவன், படுக்கை விரிப்புகள் சண்டை போடுகின்றன என்று ஓடிவிடுவான்.

"மாளிகை பேர்ல பதியறதுன்னு எல்லாரும் சொல்றோம். மாளிகை?" என்றாள் அக்கா.

"இல்லை" என்றது ஒரு விரிப்பு.

"அவ்வளவுதான். ஒருத்தர் இல்லைன்னா இல்லைதான். இதுதான் நம்ம வழி" என்றான் பிழிசல். "முதலாளி இல்லாத இடம்னுதான் நான் பழைய வேலையை விட்டு இங்க வந்தேன். முதலாளி வர்றதுக்குப் பூட்டே வரட்டும்."

"நீ தனிக்கட்டை, பூட்டுன்னும் சொல்லுவே சாவின்னும் சொல்லுவே" என்றாள் அக்கா. "எனக்கு வீட்டுல மூணு வாய் இருக்கு. இவளுக்குப் படுத்த படுக்கையா புருஷன். அவனுக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. யோவ் மாளிகை, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காம பதில் சொல்லு. இடத்தை எங்களுக்குக் குடுத்தேன்னியே, குடுத்தியா?"

"குடுத்தேனே."

"குடுத்திருந்தா இன்னைக்கு எவன் வந்து கேப்பான்? நீ உன் கையைக் கழுவிக்கிட்டே. அதைக் குடுத்ததுன்னு நினைச்சுட்டே. நாங்களும் பெருமையா தலையாட்டிட்டோம், லூசுங்க. அன்னைக்கு அந்த ஆபீசுக்கு நடந்து போக உனக்குக் கௌரவம் இடம் குடுக்கல. பிரபு வீட்டுக் கௌரவம் இல்லய்யா, இது வேற கௌரவம். ஆனா கௌரவம்தான்."

துணிகளிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் ஏதாவது கேலி பேசிக் கலைத்துவிடலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை, நம்புவீர்களோ இல்லையோ.

கடைசியில் விரிப்பை விலக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். "சம்மதம்னு நான் சொல்ல மாட்டேன். அது என் வாயில வராது. 'இல்லை'ன்னு சொன்னேன்ல, அதைத் திரும்ப எடுத்துக்கறேன்."

"அது போதும்" என்றாள் அக்கா. பிழிசல் அன்று முழுக்க எந்திரத்தை அடிபட்ட மாடு மாதிரிச் சுற்றினான். ஆனால் அவனும் இல்லை என்று சொல்லவில்லை.

பதிந்துவிட்டு வந்தோம். சட்டப்படி வாசலில் போர்டு மாட்ட வேண்டும், அதில் முதலாளி பேர் இருக்க வேண்டும். அந்தப் பேருக்கு வாசல் பத்தாமல் மூலை திரும்பி எழுதினார்கள்.

எதுவும் மாறாது என்று எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டோம். அடுத்த வாரமே பிழிசல் அவர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நாளைக்கு வரமாட்டேன். ஊருக்குப் போகணும்."

"எங்கிட்ட ஏன் கேக்கறே?"

"கேக்கல. சொல்றேன்."

"கையை ஏன் கட்டியிருக்கே?"

பிழிசல் குனிந்து தன் கையைப் பார்த்தான். அவனுக்கே தெரியவில்லை, பாவம், அது எப்போது கட்டிக்கொண்டது என்று.

தங்கச்சி கார் போட்டுக்கொண்டு வந்தாள். போர்டைப் படித்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, தொட்டி பக்கம் வந்து நின்றாள். "பொறந்த அன்னைக்கே நீ இதுதாண்ணா. ஒத்துக்கறதுக்கு இவ்வளவு வருஷம் ஆயிருக்கு" என்றாள். கெட்டவள் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் பின்னால் அவள் மகன் வந்தான், அவருக்கு மருமகன். கை நிறையப் பழம். "மாமா, உடம்பு எப்படி இருக்கு? இருமல் இருக்கா? நெஞ்சு வலி ஏதாவது? ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டான். அடுத்த வாரமும் வந்தான், இன்னும் நிறையப் பழத்தோடு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடந்து சுவரை முட்டி முட்டிப் பார்த்தான்.

அக்காவுக்குத்தான் முதலில் உறைத்தது. துடுப்பைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். "இஸ்திரி, இந்த ஆளுக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. ஏழு வருஷத்துக்குள்ள கண்ணை மூடிட்டா இடம் யாருக்குப் போகும்?"

பழக்கூடையைப் பார்த்தோம்.

அன்றிலிருந்து மாளிகை சாகக் கூடாது என்று ஆனது. கூட்டம் போட்டோம், ஒருத்தர்கூட இல்லை என்று சொல்லவில்லை, நீல விஷயத்தில்கூட வராத ஒற்றுமை. தொட்டியில் இறங்கக் கூடாது. ஈரத்துணி தூக்கக் கூடாது. முதல் டீ அவருக்கு. மழை தூறினால் குடையோடு ஒருத்தர் ஓடுவார். அவர் தும்மினால் கூடமே நின்றுவிடும். வேளாவேளைக்குக் கஷாயம், கம்பளிக் கோட்டு, வெந்நீரில் கால். அவர் கைக்குட்டையை எடுக்கப் போனால் அக்காவே எடுத்து நீட்டுவாள். சின்ன வயசில் விட்டு வந்த வீட்டுக்குள் கொண்டுபோய் நாங்களே அவரைத் திரும்ப உட்காரவைத்துவிட்டோம். வித்தியாசம் என்னவென்றால், அந்த வீட்டில் சோப்பு நாற்றம் கிடையாது.

"என்னைய திட்டக்கூட மாட்டேங்கிறீங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"திட்டினா இரத்தக் கொதிப்பு வரும்ணே. அக்கா உத்தரவு."

"அக்கா உத்தரவு போடறாளா? இங்க யாரும் உத்தரவு போடக் கூடாதே."

"அதைப் போய் அவகிட்ட சொல்லுங்க பாப்போம்."

அவர் சொல்லவில்லை. அக்காவும் அவரைப் பழைய மாதிரி யோவ் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "ஐயா, கொஞ்சம் நகர்றீங்களா" என்பாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. நகர்வார். நகர்ந்து நகர்ந்து, கூடத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையைக் கண்டுபிடித்தார். அங்கே உட்கார்ந்து பொத்தான் தைத்தார். அதையாவது விட்டுவைத்தோமே. பொத்தான் தைத்துச் செத்தவர் யாரும் இல்லை என்று அக்கா விசாரித்து வைத்திருந்தாள்.

ஒரு குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. முறைவைத்துக் காவல் இருந்தோம். மருமகனும் பழத்தோடு வந்து உட்கார்ந்தான். உள்ளதைச் சொன்னால் அவனும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான், எதற்காக என்பது வேறு விஷயம். காய்ச்சலில் மாளிகை என் கையைப் பிடித்தார். "களைச்சுப்போச்சுப்பா. போகட்டுமா?"

"எங்க போறீங்க? இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு."

"முதலாளிக்கு லீவு கிடையாதா?"

"முதலாளிக்குத்தான் கிடையாது."

அவர் சிரித்தார் என்று நினைத்தேன். இருமல்தான். ஆனால் பிழைத்துக்கொண்டார். கோபத்திலேயே பிழைத்துக்கொண்டார் என்று பிழிசல் சொன்னான். எனக்கென்னவோ மரியாதைக்காகப் பிழைத்தார் என்று தோன்றுகிறது. இந்தத் தடவை கொடுப்பதை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குள் ஏதோ ஒன்று இருந்தது.

அதற்குள் பலர் சேர்ந்து ஒரு இடத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டமும் வந்திருந்தது. ஏழு வருஷக் கெடு முடிந்ததும் கம்பளிக் கோட்டோடு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம், கூடத்தில் இருந்த எல்லாரும். யார் யார் பேருக்கு என்று ஆபீஸ்காரர் கேட்டார். எல்லார் பேரையும் சொன்னோம். அவர் பேனாவைக் கீழே வைத்துக் கை உதறிவிட்டு மறுபடி எழுதினார். மாளிகை பேனாவை வாங்கினார். ஒவ்வொரு தாளிலும் தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார், அந்த ரயில் நீளப் பேர் முழுவதையும், ஒரு பெட்டிகூட விடாமல். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் போர்டைக் கழற்றப் பிழிசல் முன்னாலேயே ஓடிவிட்டான்.

ஏதாவது கொண்டாடலாம் என்று நான் நினைத்திருந்தேன், ஒரு நல்ல பேச்சுகூடத் தயார் செய்திருந்தேன். நாங்கள் திரும்பியபோது வாசலில் ஆஸ்பத்திரி வண்டி நின்றது. மலை மாதிரி விரிப்பு. யாருக்கும் பேச நேரம் இல்லை, அண்டாக்கள் பற்றவைக்கப்பட்டன. மாளிகை கோட்டைக் கழற்றி என் மேசையில் போட்டுவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. ஒரு விரிப்பைத் தூக்கப் பார்த்தார். நனைந்த விரிப்பு ஒரு கன்றுக்குட்டி கனம். தூக்க முடியவில்லை. தலையணை உறை ஒன்றை எடுத்துப் பிழியப் பார்த்தார். நாலு சொட்டு விழுந்தது. அதைத் தொட்டி விளிம்பில் போட்டுவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தார், அண்டாவுக்கும் முற்றத்துக்கும் போகிற வழிக்கு நட்டநடுவில்.

அக்கா ஆவி பறக்கிற கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். வந்தவள் நின்றாள். கூடையிலிருந்து சூடான தண்ணீர் அவள் காலில் சொட்டியது.

"யோவ் மாளிகை! வழியில உக்காந்துக்கிட்டு என்னய்யா பண்றே? எந்திரி!"

"எந்திரிக்க முடியல அக்கா."

"முடியலைன்னா அந்தப் பக்கம் போய் முடியாம உக்காரு! இங்க சூட்டுல ஒருத்தி நிக்கறேன், கண்ணு தெரியல?"

அவர் இரண்டு கையாலும் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எழாமலே, வாளியோடு சேர்ந்து கொஞ்சம் நகர்ந்தார். அது போதவில்லை. அக்கா இன்னொரு தடவை கத்தினாள்.